பேஸ்பாலில் 16 வயது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்), பிட்சரும் (பந்து வீசுபவர்) கூட: இந்த எண்களுக்கு எந்த நிலைக் கல்லூரி?

#1 தளக்காப்பு

2027இல் பள்ளி முடிக்கும் பையனுக்காகக் கேட்கிறேன். டெக்சஸில் பெரிய பொதுப் பள்ளி, வார்சிட்டி (பள்ளியின் முதன்மை) அணி. வயது 16 வருடம் 8 மாதம். உயரம் 6 அடி 1 அங்குலம், எடை 165 பவுண்டு. வலக்கை மட்டை, வலக்கை வீச்சு. போன இலையுதிர் கால ஷோகேஸில் (கோச்கள் முன்னால் திறமையைக் காட்டும் நிகழ்ச்சி) எடுத்த எண்கள்:

60 கெஜ ஓட்டம் 7.05 வினாடி
ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து முதல் பேஸுக்கு எறிதல் மணிக்கு 84 மைல்
எக்ஸிட் வேகம் (மட்டையை விட்டுப் பந்து கிளம்பும் வேகம்) 88 மைல், டீயில் (பந்தை நிறுத்தி வைக்கும் தண்டு) வைத்து அடித்தது
மவுண்டிலிருந்து (பிட்சர் நின்று வீசும் மேடு) ஃபாஸ்ட்பால் 84, கர்வ் (வளையும் பந்து) 70

பள்ளி அணியில் பேட்டிங் ஆவரேஜ் .410. ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி) 3.9. டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மூன்று நிலைகளில் மேல் நிலை) நடக்குமா? நடந்தால் எந்த பொசிஷனில்? வரும் கோடையில் எதற்குச் செலவு செய்வது, எதை விட்டுவிடுவது? விவரம் தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

#2 வலைக்குப்பின்

எந்த நிலை என்று பேசுவதற்கு முன், இந்த எண்களை எப்படி எடுத்தார்கள் என்று தெரிய வேண்டும்.

7.05 கையில் எடுத்ததா, லேசரிலா? கையில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர் பையன் கிளம்பியதைக் கண்ணால் பார்த்து, அதன் பிறகுதான் பொத்தானை அழுத்துகிறார். அதனால் கை நேரம் பெரும்பாலும் 0.1 முதல் 0.2 வினாடி வரை குறைவாகக் காட்டும். கையில் 7.05 என்றால் லேசரில் 7.2 என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிவிஷன் 1 கோச், நடு இன்ஃபீல்டரிடம் (ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ்) 6.9க்குக் கீழே எதிர்பார்ப்பார். கேட்சருக்கும் முதல் பேஸ்மேனுக்கும் இந்த எண்ணை அவ்வளவாகப் பொருட்படுத்த மாட்டார்கள்.

அதைவிட நம்பகமானது ஆட்டத்தில் ஹோமிலிருந்து (மட்டை பிடிக்கும் இடம்) முதல் பேஸுக்கு ஓடும் நேரம். தூரம் 90 அடி. மட்டையில் பந்து பட்டதும் அழுத்துங்கள், கால் பேஸைத் தொட்டதும் நிறுத்துங்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு 4.3, இடக்கையருக்கு 4.2 என்பது மேஜர் லீக் சராசரி. ஸ்கவுட்கள் வைத்திருக்கும் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் அதுதான் 50. பண்ட் அடித்து (மட்டையை நீட்டி மெதுவாகத் தட்டி) ஓடியதையும், பாதியில் ஓட்டத்தைத் தளர்த்தியதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அவுட்டா இல்லையா என்று இறுக்கமாக முடிந்த கிரவுண்டர் (தரையில் உருளும் பந்து) குறைந்தது பத்து சேர்ந்த பிறகு, அதில் நல்ல மூன்றை மட்டும் பாருங்கள். இந்தப் பையனுக்கு 4.4 வந்தால் ஷார்ட்ஸ்டாப் பேச்சைத் தொடரலாம். 4.55 வந்தால் மூன்றாம் பேஸ்தான்.

84 மைல் எறிதலைப் பற்றி. அது ஷோகேஸ் எறிதல்: நாலைந்து எட்டு ஓடி வந்து, முழு பலத்தையும் போட்டு, குறியைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் எறிவது. ஆட்டத்தில் அதே கை 76, 78இல் எறியும். அது தப்பில்லை, எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் ஷார்ட்ஸ்டாப்பின் கையை ரேடாரை வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரே ஒரு பந்தில் தெரிந்துவிடும்: மூன்றாம் பேஸுக்கும் ஷார்ட்டுக்கும் இடையே ஆழமாகப் போகும் கிரவுண்டர். பையன் வலப்பக்கம் ஓடி, கையுறையைப் புரட்டி பேக்ஹேண்டில் எடுக்கிறான். அந்த நேரத்தில் வலது பாதத்தைப் பாருங்கள். உள் விளிம்பு மண்ணில் பதிந்து உடம்பு அங்கேயே நிற்கிறதா, இல்லை இன்னும் இரண்டு எட்டு வழுக்கிக்கொண்டு போகிறதா? நின்று எறிந்தால், பந்து கடைசி 30 அடியில் தாழ்கிறதா, அதே உயரத்தில் போகிறதா? மட்டைச் சத்தத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தி முதல் பேஸ்மேன் கையுறைச் சத்தத்தில் நிறுத்துங்கள். 4.3க்குள் முடியாவிட்டால் சராசரி ஓட்டக்காரரே தப்பிவிடுவார். ரேடார் என்ன காட்டினாலும் சரி.

.410 பற்றி ஒரே வரி: எதிரணிப் பிட்சர்களின் வேகம் தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. கல்லூரி கோச் அதைப் படிக்கக்கூட மாட்டார்.

#3 மேடு60அடி

மவுண்ட் 84 பற்றி நான் சொல்கிறேன். அது உச்ச வேகமா, வழக்கமாக நிற்கும் வேகமா? கோச்கள் முதலில் கேட்பது இதைத்தான். 30 பந்தில் ஒரு பந்து 84 தொட்டு மற்றவை 80, 81 என்றால் அவர் 81 பிட்சர்.

ரேடார் துப்பாக்கியைக் கேட்சருக்கு நேர் பின்னாலோ பிட்சருக்கு நேர் பின்னாலோ வைக்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் கோணப் பிழை வரும். 10 டிகிரி விலகினால் 84 என்பது 82.7 ஆகக் காட்டும், 20 டிகிரி விலகினால் 79 தான். கோணம் எண்ணைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. ஆகவே எங்காவது எண் அதிகமாக வந்திருந்தால் கோணத்தைச் சந்தேகிக்க வேண்டாம், ஓடிவந்து எறிந்ததை மவுண்ட் எண்ணாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இன்னொன்று, பந்து கையை விட்ட கணத்தில் இருக்கும் வேகமும் ஹோம் பிளேட்டைத் தாண்டும்போது இருக்கும் வேகமும் ஒன்றில்லை. 60 அடி 6 அங்குலத்தில் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் குறையும். கல்லூரிகள் பேசுவது கையை விட்ட வேகம்.

வலக்கை பிட்சருக்குத் தோராயமான நிலைகள் இவை. பெரிய கான்ஃபரன்ஸ்களில் (கல்லூரி லீக் குழுக்கள்) 90க்கு மேல். மற்ற டிவிஷன் 1 கல்லூரிகளில் 87 முதல் 89. டிவிஷன் 2இல் 84 முதல் 88. நல்ல டிவிஷன் 3 அணிகளில் 82 முதல் 86. இடக்கையருக்கு இரண்டு மூன்று மைல் சலுகை உண்டு. இவை சட்டம் அல்ல. ஆனால் 81இல் நிற்கும் வலக்கையரை டிவிஷன் 1 கோச் பார்க்க வருவார் என்று எதிர்பார்ப்பது வீண்.

இந்தப் பையனிடம் எனக்குப் பிடித்தது உயரமும் எடையும்தான். 6-1, 165 என்றால் சதை போட இன்னும் இடம் இருக்கிறது. 5-10, 190இல் 84 வீசும் பையன் அநேகமாக வளர்ச்சியின் எல்லைக்கு வந்துவிட்டார். தோள் அகலம், மணிக்கட்டு, முழங்காலுக்குக் கீழே கால் நீளம், அப்பா அம்மாவின் உயரம் இதையெல்லாம் ஸ்கவுட்கள் பார்ப்பது அதனால்தான். அவர்கள் தேடுவது இன்றைய 84ஐ அல்ல, 20 வயதில் வரக்கூடிய 89ஐ.

அடுத்த நாலு ஆட்டத்தில் ஒரு நோட்டில் இவற்றைக் குறியுங்கள்: மொத்தப் பந்தில் ஸ்ட்ரைக் எத்தனை (60 சதவீதத்துக்குக் கீழே என்றால் வேகத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்). ஒவ்வொரு பேட்டருக்கும் முதல் பந்து ஸ்ட்ரைக்கா. முதல் இன்னிங்ஸ் வேகம், நாலாவது இன்னிங்ஸ் வேகம். 84இல் தொடங்கி 79க்கு இறங்கினால் குறை பெரும்பாலும் கையில் இல்லை, இடுப்பிலும் தொடையிலும் பலம் போதவில்லை. பேஸில் ஆள் இருக்கும்போது, பிட்சரின் முதல் அசைவிலிருந்து கேட்சர் கையுறை வரை எத்தனை வினாடி? 1.3க்குப் பக்கம் இருக்க வேண்டும். 1.6 ஆனால் எந்தக் கேட்சராலும் காப்பாற்ற முடியாது. கேட்சரின் 2.0ஐக் கூட்டினால் 3.6 ஆகிறது, ஓட்டக்காரருக்கு அதற்குள் இரண்டாம் பேஸ் கிடைத்துவிடும்.

#4 மரமட்டை

டீயில் 88 என்பது நின்ற பந்தை அடித்த எண். வேகத்தின் கூரை எது என்று மட்டும்தான் அது சொல்லும். டிவிஷன் 1 இன்ஃபீல்டர்கள் பலர் 92, 95 காட்டுகிறார்கள். 88க்கு டிவிஷன் 3 கதவு திறந்திருக்கிறது, டிவிஷன் 2 எட்டிப் பிடிக்கும் தூரம். எந்த மட்டையில் அடித்தார் என்றும் எழுதுங்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் பயன்படுத்துவது பிபிகோர் மட்டை, பந்து தெறிக்கும் வேகத்துக்கு வரம்பு வைத்தது. அதில் நீளத்துக்கும் எடைக்கும் வித்தியாசம் 3க்கு மேல் போகக் கூடாது, அதாவது 33 அங்குல மட்டை 30 அவுன்ஸுக்குக் குறையாது. மர மட்டையில் எடுத்திருந்தால் அதே 88க்கு மதிப்பு கூடுதல்.

ஸ்விங்கைப் பார்க்க முதல் பேஸ் பக்கம் நில்லுங்கள். வலக்கையரின் மார்பும் கைகளும் அங்கிருந்துதான் தெரியும். பேட்டிங் பயிற்சியில் பார்க்க வேண்டியது தூரம் இல்லை. வெளிப்பக்கம் வரும் பந்தை வலப்புறச் சந்துக்கு நேர்கோட்டில் அடிக்கிறாரா, இல்லை எல்லாவற்றையும் இடப்பக்கம் இழுக்கிறாரா? இழுப்பவர் கல்லூரியில் வெளியே வளைந்து போகும் ஸ்லைடர் பந்தை முழு வருடமும் துரத்துவார்.

ஆட்டத்தில் முன்கால். பிட்சரின் கையை விட்டுப் பந்து வெளிவந்து சற்று நேரத்துக்குள் முன்கால் தரையில் இறங்கியிருக்க வேண்டும். 78 மைல் பிட்சரிடம் கால் தாமதமாக இறங்கினாலும் தப்பித்துக்கொள்ளலாம், .410 கூட வரும். 88 மைலுக்கு எதிரே அதே பழக்கம் இருந்தால் ஃபவுல் பந்தெல்லாம் முதல் பேஸ் பக்க வேலிக்குப் பின்னால் போகும். ஃபவுல் எந்தப் பக்கம் போகிறது என்று குறித்து வைப்பது யாரும் செய்யாத வேலை, அதிகம் சொல்லும் வேலையும் அதுதான்.

30 முறை மட்டை பிடித்ததற்கு இப்படி எழுதுங்கள்: ஸ்ட்ரைக் ஸோனுக்குள் (ஸ்ட்ரைக் என்று கணக்காகும் பரப்பு) வந்த பந்தில் ஸ்விங் செய்து தவறவிட்டது எத்தனை, ஸோனுக்கு வெளியே துரத்தியது எத்தனை. இதையும் 85க்கு மேல் வீசியவர்களிடம் தனியாக, கீழே வீசியவர்களிடம் தனியாக. முதல் பட்டியலில் ஐந்து பேர்கூட இல்லையென்றால் அந்த லீக் ஆட்டங்களை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. வலுவான கோடை அணியில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

#5 புல்வெளி

இவ்வளவு எண்ணையும் அடுக்கினால் பேஸ்பால் ஆடத் தெரிந்த பையன்களை விட்டுவிட்டு ஓடத் தெரிந்தவர்களையும் எறியத் தெரிந்தவர்களையும் பொறுக்குவோம். மேஜர் லீக் பிட்சர் ஜேக்கப் டிகிராம் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப். மூன்றாம் வருடத்தில்தான் மவுண்டில் ஏறினார். 2010 மேஜர் லீக் டிராஃப்டில் (ஆள் தேர்வு) 9ஆவது சுற்றில் எடுத்தார்கள். பஸ்டர் போஸி ஃப்ளோரிடா ஸ்டேட்டில் ஷார்ட்ஸ்டாப்பாகச் சேர்ந்து, இரண்டாம் வருடம் கேட்சரானார். 2008இல் ஐந்தாவது ஆளாகத் தேர்வானார். 16 வயதில் எடுத்த எந்தத் தாளில் இது இருந்தது?

#6 வலைக்குப்பின்

புல்வெளி, அந்த இரண்டு உதாரணமும் என் பக்கம்தான் நிற்கின்றன. டிகிராமை மவுண்டுக்குக் கொண்டு போனது ஷார்ட்ஸ்டாப்பில் தெரிந்த கை. போஸியைக் கேட்சராக்கியது மென்மையான கைகளும் ஆட்டத்தைப் படிக்கும் தலையும். பொசிஷன் மாறலாம், கருவி (ஸ்கவுட்கள் அடிப்படைத் திறமையைச் சொல்லும் சொல்) மாறாது. ஆகவே இந்தப் பையனை ‘ஷார்ட்ஸ்டாப்’ என்ற பெயரில் மட்டும் விற்காதீர்கள். அவரிடம் இருக்கும் மிகச் சிறந்த கருவி வலக்கை. கோச்சுக்கு எழுதும் வரியில் ஷார்ட்ஸ்டாப், மூன்றாம் பேஸ், வலக்கை பிட்சர் என்று மூன்றும் இருக்கட்டும்.

ஆனால் நீங்கள் சொல்வதில் ஒன்று உண்மை. எண் கோச்சை மைதானத்துக்கு வரவழைக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. வந்த பிறகு அவர் பார்ப்பது வேறு. மூன்றாவது ஸ்ட்ரைக்கில் அவுட்டாகி வந்த பையன் அடுத்த இன்னிங்ஸில் முதல் கிரவுண்டரை எப்படி எடுக்கிறான். பந்து தன்னிடம் வராத ஆட்டத்தில் எந்த பேஸுக்குப் பின்னால் போய் நிற்கிறான். வெளிமைதானத்திலிருந்து வரும் பந்தை இடையில் வாங்கி எறியும் கட்ஆஃப் எறிதலில் எந்தத் தோள் பக்கம் திரும்புகிறான். இதற்கு ஷோகேஸ் தாளில் கட்டம் இல்லை.

#7 படிவம்நிரப்பி

இப்போது கல்லூரிப் பக்கம். முதலில் நாள் கணக்கு. டிவிஷன் 1 கோச்கள் பேஸ்பாலில் 11ஆம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1 முதல்தான் பையனிடம் நேரடியாகப் பேசலாம். டிவிஷன் 2க்கு 10ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15. டிவிஷன் 3க்கு அழைப்பிலும் மின்னஞ்சலிலும் அப்படி ஒரு தடை இல்லை. 2027 பையனுக்கு எல்லாக் கதவும் ஏற்கெனவே திறந்தாயிற்று. இன்றுவரை ஒரு டிவிஷன் 1 கோச்கூட அழைக்கவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். முடிவு இல்லை, ஆனால் தகவல்.

பணம் பற்றிப் பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம். டிவிஷன் 1 பேஸ்பாலில் முன்பு ஓர் அணிக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப். அதைத்தான் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. அதற்குப் பதில் அணியில் 34 பேர்தான் இருக்கலாம். சேராத கல்லூரிகள் பழைய முறையில் இருக்கின்றன. 34 என்பது நம் பையன்களுக்கு நல்ல செய்தி இல்லை. முன்பு 38ஆவது, 40ஆவது ஆளாக ஒட்டிக்கொண்டு முதல் வருடம் வளர்ந்த பையனுக்கு இன்று இடமில்லை. அதோடு வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் 21 வயது ஆட்டக்காரர்களையே கோச்கள் முதலில் தேடுகிறார்கள்.

அதனால் எந்த நிலை என்று எங்களிடம் கேட்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பிடித்த 15 கல்லூரிகளின் அணிப் பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து பென்சிலோடு உட்காருங்கள். ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் ஆட்கள் எத்தனை பேர், 2027 வசந்தத்தோடு போகிறவர்கள் யார். வலக்கை பிட்சர்களின் உயரமும் எடையும் என்ன. முந்தைய கல்லூரி என்ற இடத்தில் வேறு பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது. போன வருடம் முதலாண்டு மாணவர்கள் எத்தனை முறை மட்டை பிடித்தார்கள், எத்தனை இன்னிங்ஸ் வீசினார்கள். 34 பேரில் 15 பேர் மாறி வந்தவர்கள், முதலாண்டு ஆட்கள் மொத்தமாக 20 முறை மட்டை பிடித்தார்கள் என்றால், அந்த கோச் என்ன வாக்குறுதி கொடுத்தாலும் பையன் பெஞ்சில்தான்.

படிப்புக் கணக்கில் டிவிஷன் 1க்கு 16 கோர் (தகுதிக்குக் கணக்காகும் அடிப்படை) பாடங்கள், கோர் ஜிபிஏ 2.3. அதில் 10 பாடம் 12ஆம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியல். இந்தப் பத்துப் பாடங்களில் கோட்டை விட்டால் பிறகு திருப்பி எழுதி மதிப்பெண்ணை உயர்த்த முடியாது. 3.9 பையனுக்கு எண் பிரச்சினை வராது. பள்ளியில் எடுத்த பாடம் கோர் பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டும் சரிபாருங்கள்.

இந்த இழையிலேயே பெரிய எண் அந்த 3.9தான் என்று நினைக்கிறேன். டிவிஷன் 3இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் படிப்புக்கான உதவித்தொகை உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, சான் அன்டோனியோவின் டிரினிட்டி போன்ற இடங்களில் பேஸ்பாலும் தரமானது. டிரினிட்டி 2016இல் டிவிஷன் 3 சாம்பியன். இந்த வகைக் கல்லூரிகளில் கோச் விரும்பினால் 11ஆம் வகுப்பு முடிந்த கோடையில் பையனின் மதிப்பெண் பட்டியலைச் சேர்க்கை அலுவலகத்துக்குக் கொடுத்து முன்பார்வை கேட்பார். அந்தக் கட்டம் வரை போவதுதான் உண்மையான ஆர்வம். டிவிஷன் 3இல் 40 ஆட்டம், டிவிஷன் 1இல் 56. பொறியியல் படிக்கிற பையனுக்கு இந்த 16 ஆட்டமும் அதற்கான பயணமும் சின்ன விஷயமில்லை. மதிய லேப் வகுப்பும் பயிற்சி நேரமும் மோதினால் எது நடக்கும் என்று கோச்சிடம் நேராகக் கேளுங்கள்.

#8 தளக்காப்பு

எல்லோருக்கும் நன்றி. 7.05 கையில் எடுத்ததுதான். 84 உச்சம், வழக்கமாக 81 முதல் 82. இன்னும் நாலு கேள்வி. ஒன்று, ஜூனியர் காலேஜ் (இரண்டு வருடக் கல்லூரி) நல்ல வழியா? வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே எதிர்ப்பு. இரண்டு, குடும்பம் எச்-4 விசாவில் (வேலை விசா வைத்திருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கிறது, உதவித்தொகை பாதிக்குமா? மூன்று, வீட்டில் சைவம், முட்டை மட்டும் உண்டு. எடை ஏற மாட்டேன் என்கிறது. நாலு, தினமும் கேம்ப் அழைப்பு மின்னஞ்சல் வருகிறது. எதற்குப் போவது?

#9 படிவம்நிரப்பி

ஜூனியர் காலேஜை மட்டமாக நினைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, பேஸ்பாலில் அது பொருந்தாது. மேஜர் லீக் நட்சத்திரமான ஆல்பர்ட் பூஹோல்ஸ் கான்சஸ் சிட்டியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஆடித்தான் 1999இல் 13ஆவது சுற்றில் தேர்வானார். 18 வயதில் முதல் நாளிலிருந்தே ஆட்டத்தில் இறங்கலாம், செலவும் குறைவு. ஆனால் உங்கள் பையன் பொறியியலுக்குப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: இரண்டு வருடம் கழித்து மாறும்போது எல்லாப் பாடத்தையும் புதிய கல்லூரி ஏற்காது, பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகலாம். ஜிபிஏ 2.5 பையனுக்கு இது முதல் வழி. 3.9 பையனுக்கு மூன்றாவது வழி.

விசா பற்றி. எச்-4இல் இருப்பவருக்கும் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கும் மத்திய அரசின் மாணவர் உதவியும் கடனும் கிடைக்காது. விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும், கல்லூரி தன் நிதியிலிருந்து தரும் படிப்பு உதவித்தொகையும் வேறு, அவற்றுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் பட்டியலில் வைத்துத் தனி விதி போடும். மாநிலக் கட்டணமும் அப்படித்தான். ஒவ்வொரு கல்லூரியிலும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். 21 வயதில் எச்-4 முடியும் என்பதால் படிப்பின் நடுவே எஃப்-1க்கு மாற வேண்டி வரும். பெயர், படம் வைத்து ஆட்டக்காரர்கள் சம்பாதிக்கும் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். வேலை அனுமதி இல்லாத விசாவில் அது ஆபத்து.

#10 மேடு60அடி

எடை பற்றி. 165 பவுண்டு என்பது 75 கிலோ. கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 120 கிராம் புரதம் வேண்டும். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் சாப்பிட்டு இதை எட்ட முடியாது. சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். கணக்கைப் பாருங்கள்: முட்டை 3 (18 கிராம்), பால் 2 டம்ளர் (16), கெட்டியான கிரேக்கத் தயிர் ஒரு சிறு டப்பா 170 கிராம் (17), உலர்ந்த மீல் மேக்கர் 50 கிராம் (26), பனீர் 100 கிராம் (18), வேகவைத்த கெட்டிப் பருப்பு ஒரு கப் (18). இதுவே 113. சப்பாத்தியும் சோறும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்குப் போய் மாலை 7 மணிக்கு மொத்தமாகச் சாப்பிடும் பையனுக்கு எடை ஏறாது. முதலில் காலை உணவைச் சரிசெய்யுங்கள். மாதம் 2 பவுண்டு என்ற வேகத்தில், பளு தூக்கும் பயிற்சியோடு ஏற்றினால் பத்து மாதத்தில் 185. அதற்கு மேல் அவசரப்பட்டால் வருவது கொழுப்பு, ஓட்ட நேரம்தான் கெடும்.

கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 84ஐ 88 ஆக்க வேண்டும் என்று எடை கூட்டிய பந்துகளை வைத்து ஆறு வாரப் பயிற்சி விற்கிறார்கள். 13 முதல் 18 வயது பிட்சர்களை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்தில் வேகம் 3.3 சதவீதம் கூடியது. அந்தப் பயிற்சி எடுத்தவர்களில் 24 சதவீதம் பேருக்குக் கைக்காயம். எடுக்காதவர்களில் ஒருவருக்கும் இல்லை. 82க்கு 3.3 சதவீதம் என்றால் மூன்று மைல்கூட இல்லை. 20 பவுண்டு எடையும் தொடை பலமும் அந்த மூன்று மைலை இந்த ஆபத்தில்லாமல் தரக்கூடும்.

பந்து எண்ணிக்கையை யாராவது ஒருவர் எழுத வேண்டும், பள்ளி அணிக்கும் கோடை அணிக்கும் சேர்த்து. மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து கொடுத்த வழிகாட்டுதலில் 15, 16 வயதுக்கு ஒரு நாளைக்கு உச்சம் 95 பந்து. 76 அல்லது அதற்கு மேல் வீசினால் நாலு நாள் ஓய்வு. ஒரு வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் போகக் கூடாது. 100ஐத் தாண்டிய இளம் பிட்சர்களுக்குப் பெரிய காயம் 3.5 மடங்கு என்று பத்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வே இருக்கிறது. இந்தப் பையனுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காலையில் 70 பந்து வீசிவிட்டு மாலை ஆட்டத்தில் ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பான். அந்த எறிதல்கள் எந்த ஏட்டிலும் ஏறாது, முழங்கைக்கு மட்டும் கணக்கு ஏறும். வீசிய நாளில் இரண்டாம் ஆட்டத்தில் முதல் பேஸ் அல்லது டிஎச் (ஃபீல்டிங் செய்யாமல் மட்டை மட்டும் பிடிப்பவர்). அதைக் கோச்சிடம் சீசனுக்கு முன்பே பேசி முடியுங்கள்.

#11 மரமட்டை

கேம்ப் மின்னஞ்சல் பற்றி. ‘உங்கள் திறமையைக் கவனித்து வருகிறோம்’ என்று வந்து, எந்த ஆட்டம், எந்தப் பந்து என்று ஒரு வார்த்தையும் இல்லையென்றால், அது பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் போனது. கேம்ப் கட்டணம் பல இடங்களில் உதவி கோச்சின் வருமானம். உண்மையான ஆர்வம் இப்படி இருக்கும்: கோச் தன் எண்ணிலிருந்து அழைப்பார் அல்லது குறுஞ்செய்தி அனுப்புவார், அடுத்த நாலு வார ஆட்ட அட்டவணை கேட்பார், மதிப்பெண் பட்டியல் கேட்பார்.

செய்ய வேண்டியது எதிர்த் திசையில். படிவம்நிரப்பி சொன்ன பட்டியலில் தேறும் ஆறேழு கல்லூரிகளுக்கு முதலில் நீங்கள் எழுதுங்கள். பதில் வந்த இடத்தில் நடக்கும் ஒருநாள் கேம்ப் இரண்டு அல்லது மூன்று போதும். நாடு முழுக்கப் பறந்து போகும் ஷோகேஸ் 90 மைல் வீசும் பையனுக்குப் பயன்படும். 82 வீசும் பையன் அங்கே 300 பேரில் ஒருவன்.

வீடியோ மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பாட்டு வேண்டாம், ஸ்லோமோஷன் வேண்டாம், பெயர் அட்டை மூன்று வினாடி. பிறகு நேராக எட்டு ஸ்விங், முதல் பேஸ் பக்கத்திலிருந்து நாலு, பின்னாலிருந்து நாலு. கிரவுண்டர் எட்டு: நேராக, இடம், வலம், மெதுவாக உருண்டு வருவது. கேமராவை ஹோம் பிளேட் பக்கம் வைத்தால் கால்கள் தெரியும். எறிதல் முதல் பேஸ் கையுறையில் விழும் வரை வெட்டாதீர்கள். பிட்சிங் பத்துப் பந்து, ஐந்து பிட்சருக்குப் பின்னாலிருந்து. கடைசியில் ஆட்டத்திலிருந்து ஒரு முழு அட்பேட், அவுட்டானாலும் சரி.

மின்னஞ்சலைப் பையன்தான் எழுத வேண்டும். அப்பா எழுதிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், கோச்களுக்கு அது பிடிப்பதில்லை.

#12 தளக்காப்பு

பையன் தலைப்பு வரியை இப்படி எழுதியிருக்கிறான். சரிதானா?

‘2027 ஷார்ட்ஸ்டாப் / மூன்றாம் பேஸ் / வலக்கை பிட்சர், 6-1, 165, ஃபாஸ்ட்பால் 84, 60 கெஜம் 7.05, ஜிபிஏ 3.9’

#13 வலைக்குப்பின்

இரண்டு திருத்தம். ஃபாஸ்ட்பால் 84 என்பதை ‘81–82, உச்சம் 84’ என்று மாற்றட்டும். கோச் வந்து பார்க்கும் நாளில் ரேடார் 81 காட்டினால், சொன்னபடி இருக்கிறது என்று நம்பிக்கை வரும். 84 என்று எழுதி 81 காட்டினால் மற்ற எண்களையும் சந்தேகிப்பார். 7.05ஐ எடுத்துவிட்டு, அடுத்த வாரம் லேசரில் ஓடி வருவதை எழுதட்டும். 7.2 வந்தாலும் எழுதட்டும், பக்கத்தில் ‘லேசர்’ என்ற சொல்லோடு. ஜிபிஏவை உயரத்துக்கு முன்னால் கொண்டு வாருங்கள். டிரினிட்டிக்கும் எமரிக்கும் எழுதும்போது கோச் அதைத்தான் முதலில் தேடுவார்.

#14 புல்வெளி

கிரவுண்டர் வீடியோவில் அந்த பேக்ஹேண்ட் பந்தை முதலில் போடுங்கள். கால் பதிந்து நின்றால் மட்டும். நிற்கவில்லையென்றால் இந்த மாதம் அதை மட்டும் பழகிவிட்டுப் பிறகு எடுங்கள்.